பதிவேட்டில் 'நலம்', முதுகில் புண்!

ஜும்ஆ முடிந்த கையோடு முதியோர் இல்லங்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகும் வழக்கம் நம் பகுதியில் வளர்ந்து வருகிறது. ஈரோட்டு ஜவுளி வியாபாரி அரிசி கொடுக்கிறார். பள்ளிபாளையம் தறிக்காரர் போர்வை கொடுக்கிறார். இளைஞர்கள் வண்டியில் ஏற்றிப் போய், பரிமாறி, முதியவர்களோடு நின்று படம் எடுத்துக் கொண்டு திரும்புகிறார்கள். நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இளைஞர்களில் ஒருவராவது, அரிசி கொடுத்த வியாபாரிகளில் ஒருவராவது, அலுவலக அறையில் இருக்கும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததுண்டா?

எந்த நோட்டு என்கிறீர்களா? இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் உடல்நிலையை எழுதி வைக்கும் பதிவேடு. பெயர், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு என்பதோடு அது முடிந்து விடுவதில்லை. தானே சாப்பிடுகிறாரா, ஊட்டிவிட வேண்டுமா? சிறுநீர் தெரிந்து போகிறதா, தெரியாமல் போகிறதா? போன மாதம் 52 கிலோ இருந்தவர் இந்த மாதம் எத்தனை கிலோ? கடைசியாக எப்போது விழுந்தார்? முதுகில், இடுப்பில், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா? மகன் பெயர் நினைவிருக்கிறதா? இத்தனையும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. 1965இல் மஹோனி, பார்தெல் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்மணிகள் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலசலம் அடக்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று பத்துக் காரியங்கள். மொத்தம் 100 மதிப்பெண். இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய மிஷின் வேண்டாம். பார்க்கக் கண் வேண்டும், உட்கார நேரம் வேண்டும், கூட்டிக் குறைத்து எழுதாத கை வேண்டும். மூன்றாவதுதான் நம் நாட்டில் கிடைப்பதில்லை!

எழுதுவதில் என்ன இருக்கிறது, கவனித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சகோதரர்களே, கவனிப்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 'தானே நடப்பார்' என்று எழுதியிருந்தால் இரவு இரண்டு மணிக்கு அவர் கக்கூசுக்கு எழுந்திருக்கும்போது கை கொடுக்க ஆள் வராது. விழுவார், இடுப்பெலும்பு முறியும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி எழுந்து நடந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். 'தானே சாப்பிடுவார்' என்று இருந்தால் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். கை நடுங்கி அவர் சாப்பிடாமல் விட்டதை அரை மணி நேரம் கழித்து எடுத்துக் கொண்டு போவார்கள். 'புரண்டு படுப்பார்' என்று இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க யாருக்கும் தோன்றாது. பத்தே நாளில் படுக்கைப் புண் எலும்பு வரை போய்விடும்.

இந்தப் பகுதியில் ஓர் இல்லம். பெயர் வேண்டாம். ஒரு முதியவரைப் பார்க்கப் போன இடத்தில் அந்த நோட்டைக் கேட்டேன். அலுவலர் முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டார். நான்கு மாதப் பக்கங்களைப் புரட்டினேன். இருபத்தெட்டுப் பேருக்கும் ரத்த அழுத்தம் 120/80! மாதா மாதம் அதே 120/80! தறியில் நெய்த பீஸ் கூட ஒன்றைப் போல் ஒன்று இப்படி வராது. நான் பார்க்கப் போனவருக்கு எடை 58 கிலோ என்று எழுதியிருந்தது. எடை மிஷின் எங்கே என்று கேட்டேன். ரிப்பேருக்குப் போய் ஐந்து மாதமாகிறதாம். பொது நிலை என்ற கட்டத்தில் வரிசையாக 'நலம்', 'நலம்', 'நலம்'. மேலிருந்து கீழே ஒரே கை, ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. பெரியவரைத் திருப்பிப் பார்த்தால் முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்த நோட்டில் அவர் நலம்.

அந்த அலுவலரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் விஷயம் முடிந்துவிடாது. நாற்பது பேருக்கு இரண்டு ஆயா. மாதக் கடைசியில் தணிக்கைக்கு யாராவது வந்தால் நோட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்கு இடப்பட்ட உத்தரவு. போன மாதப் பக்கத்தைப் பார்த்து இந்த மாதப் பக்கம் எழுதப்படுகிறது. இரவில் யார் விழுந்தார், யார் தூங்காமல் புலம்பினார் என்பது இரவு ஆயாவுக்குத் தெரியும். எழுதுகிறவரோ பகலில் வருகிறவர். முதியவர்களும் மறைக்கிறார்கள். விழுந்ததைச் சொன்னால் கட்டிலோடு கட்டிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். படுக்கையை நனைத்ததைச் சொன்னால் ஏசுவார்களோ என்ற வெட்கம்.

குடும்பத்தார் மறைப்பது இதைவிட மோசம். வியாபாரிகளே, கோபித்துக் கொள்ளாதீர்கள். அத்தாவைச் சேர்க்கும்போது வலிப்பு வருவதைச் சொல்வதில்லை. ஞாபக மறதியைச் சொல்வதில்லை. சொன்னால் சேர்க்க மாட்டார்கள், அல்லது மாதக் கட்டணம் கூடும் என்று கணக்குப் போடுகிறோம். முதல் பக்கத்திலேயே பொய்யை எழுத வைத்துவிட்டு, பிறகு இல்லத்துக்காரன் சரியில்லை என்கிறோம். இல்லத்துக்காரர்களுக்கும் இரண்டு பக்கமும் லாபம் உண்டு. நன்கொடையாளர் முன்னால் நோயைக் கூட்டிச் சொல்லலாம். அதிகாரி முன்னால் குறைத்து எழுதலாம்.

இன்னொரு விஷயம் நம்மவர்களுக்கு மிக நெருக்கமானது. சேலம், நாமக்கல், ஈரோடு பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் எத்தனை! வயதாக ஆகப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்கும், தாய்மொழி தங்கும். தமிழ் மட்டுமே தெரிந்த பணியாளர் தமிழில் கேட்க, அந்த மூதாட்டி உருதுவில் பதில் சொல்ல, 'சம்பந்தமில்லாமல் பேசுகிறார்' என்று பதிவாகிவிடுகிறது. தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே கதிதான். காது கேளாதவர் கதை இன்னும் பரிதாபம். கேள்வியே காதில் விழாமல் விழிக்கிறவரை 'புத்தி மாறாட்டம்' என்று எழுதி, தூக்க மாத்திரை தொடங்கி விடுகிறார்கள். காதில் அடைத்த குறும்பியை எடுத்திருந்தால் அவர் தன் பேரன் பெயர் முதல் சொல்லியிருப்பார்! ரமலானில் பிடிவாதமாக நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிப் பெரியவர்களும் இருக்கிறார்கள். நோன்பு என்று பதிவேட்டில் இருக்காது. மாத்திரையும் இன்சுலினும் வழக்கமான நேரத்துக்கு உள்ளே போகும். சர்க்கரை இறங்கி மயங்கினால் 'வயதின் காரணமாகச் சோர்வு' என்று ஒரு வரி சேரும்.

காகித ஆலை இருக்கும் ஊர் பள்ளிபாளையம். காகிதத்தில் மனித உடலைப் பற்றிப் பொய் எழுதினால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2025 ஜூலையில் நாடே பார்த்ததே! கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளிகளின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலை பேசினார்கள். போலி ஆவணங்கள் தயாராயின. அரசு விசாரணைக்குப் பின் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அறுவை உரிமம் ரத்தானது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தறித் தொழிலாளியாவது வெளியே வந்து தழும்பைக் காட்டிப் பேச முடிந்தது. கட்டிலில் கிடக்கும் முதியவர் யாரிடம் காட்டுவார்?

காட்ட முடியாதவர்களின் கதை விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. அன்பு ஜோதி ஆசிரமம். திருப்பூர்ப் பகுதி முதியவர் ஒருவரை, நம் சமுதாயத்தவர், 2021 டிசம்பரில் அங்கே சேர்த்திருந்தார்கள். 2022இல் தேடிப் போனபோது, இடமில்லாததால் பெங்களூரில் உள்ள வேறு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில். பெங்களூருக்குப் போனால் அங்கேயும் ஆள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் அந்த வாசலை மிதித்தார்கள். உரிய அனுமதி இல்லாமலே நடந்து வந்த இல்லம் என்று தெரிந்தது. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், சங்கிலியில் கட்டினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள் என்றெல்லாம் புகார்கள் குவிந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து எடுத்தது.

பத்திரிகைகள் கொடுமையை எழுதின, எழுத வேண்டியதுதான். நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. ஒரு மனிதரை ஓர் ஊரிலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்புகிறார்கள். அவரோடு என்ன காகிதம் போனது? இவருக்கு இந்த நோய், இந்த மாத்திரை, இந்த அளவு மறதி, வெளியே விட்டால் வழி தெரியாது, இன்ன உறவினரின் தொலைபேசி எண் இது என்று கையெழுத்திட்ட ஒரு பக்கம் போயிருந்தால், வாங்கிக் கொண்ட இல்லம் பொறுப்பிலிருந்து நழுவ முடியுமா? நூல் மூட்டை ஒன்றை ஈரோட்டிலிருந்து பிவண்டிக்கு அனுப்பினால் லாரி ரசீதில் எடை, எண்ணிக்கை, பெறுபவர் பெயர் எல்லாம் இருக்கும். மூட்டை குறைந்தால் கழுத்தைப் பிடிப்போம். மனிதருக்கு ரசீது இல்லை.

இதைச் சொல்லும்போது ஏர்வாடியை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2001 ஆகஸ்ட் 6. விடியற்காலை. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநோயாளி இல்லங்களில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அரசு அங்கிருந்த இல்லங்களை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு மதிப்பீடுதான் இருந்தது: பைத்தியம். வலிப்பு நோய்க்காரரும் பைத்தியம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரும் பைத்தியம், கணவனை இழந்து பேச்சற்றுப் போனவரும் பைத்தியம். அந்த ஒற்றைச் சொல்லே சங்கிலிக்குப் போதுமானதாக இருந்தது. சங்கிலி போடுவதை எந்த வகையிலும் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்று தடை செய்திருக்கிறது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே துஆவோடு மருந்தும் என்று அரசு மனநல மருத்துவர்கள் உட்காரும் ஏற்பாடும் வந்தது. நம் சமுதாயத்தின் வாசலில் நடந்த சாவு அது. மற்றவன் வீட்டு ஓட்டையைப் பேசுவதற்கு முன் நாம் அதை நினைத்துக் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அங்கே 1987இல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு முதியோர் மருத்துவ இல்லமும், சேர்ந்த 14 நாளுக்குள் உடல்நிலையை முழுமையாக மதிப்பிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாக. நிலை மாறினால் உடனே புதிதாக. பதிவு பெற்ற செவிலியர் முன்நின்று நடத்தி, யார் யார் எந்தப் பகுதியை எழுதினார்களோ அவரவர் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் ஒரு மதிப்பீட்டுக்கு 1,000 டாலர் வரை அபராதம்; இன்னொருவரை எழுத வைத்தால் 5,000 டாலர் வரை.

இவ்வளவு இருந்தும் பொய் நிற்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். விழுந்து பலத்த காயத்தோடு மருத்துவமனைக்குப் போன முதியவர்களின் பில்லை ஒரு பக்கமும், அதே முதியவர்களுக்கு இல்லம் எழுதிய மதிப்பீட்டை இன்னொரு பக்கமும் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 57 வீழ்ச்சிகள்தான் இல்லத்தின் பதிவில் இருந்தன. வெள்ளையர் அல்லாதவர்கள் விழுந்தது இன்னும் குறைவாகவே பதிவாகியிருந்தது! சிறுபான்மை மக்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும். மயக்க மருந்து அதிகம் கொடுக்கும் இல்லத்துக்கு மதிப்பெண் குறையும், ஆனால் மனச்சிதைவு நோய் இருப்பவருக்குக் கொடுத்தால் கணக்கில் வராது என்று ஒரு விதி. உடனே முதியவர்களுக்கு இல்லாத மனச்சிதைவைக் காகிதத்தில் உண்டாக்கினார்கள். 2021இல் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டு வந்தது. 2023 ஜனவரியில் அந்த நாட்டு அரசு, நோயாளிப் பதிவுகளைத் தணிக்கை செய்து பொய்யான இல்லங்களின் மதிப்பெண்ணைக் குறைப்போம் என்று அறிவித்தது.

பொய்யைப் பிடித்த முறையைக் கவனியுங்கள். ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். இதைத்தானே நம் வியாபாரிகள் தினமும் செய்கிறார்கள்? சிட்டாவையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்காமல் கடையைச் சாத்துகிற வியாபாரி உண்டா? கடனை எழுதி வை, எழுதுகிறவன் நீதியாக எழுதட்டும், சாட்சி வை என்று கட்டளையிடும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. பணத்துக்கே இத்தனை என்றால் பெற்றவர் உடம்புக்கு எத்தனை வேண்டும்?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 ஏழை முதியவர்களுக்கான இல்லம் வேண்டும் என்கிறது. கைவிட்டுப் போகிறவருக்கு மூன்று மாதச் சிறை வரை உண்டு என்கிறது. ஜீவனாம்சம் கேட்கத் தீர்ப்பாயம் உண்டு. எல்லாம் சரி. ஆனால் இல்லத்தில் இருப்பவரின் உடல்நிலையை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படி மதிப்பிட வேண்டும், பொய் எழுதினால் என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் அமெரிக்கச் சட்டம் போல் பிட்டுப் பிட்டு வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 நிலவரப்படி நூற்றுக்கு 13.6 பேர் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, இல்லங்கள் பெருகத்தான் செய்யும். சட்டமன்றத்தில் நம் வாக்கை வாங்கிப் போனவர்களிடம் இந்த ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இல்லத்தின் சம்பளம் வாங்காத அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ செவிலியரோ நேரில் வந்து, ஒவ்வொரு நான்காவது முதியவரையாவது தாமே பார்த்து, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்திடும் கட்டாயம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். முதியோர் இல்லமும் ஒரு வீடுதானே!

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வாரம் சோற்றுப் பொட்டலத்தோடு போகும் இளைஞர்கள் ஒரு எடை மிஷினும் கொண்டு போகலாம். நல்ல மிஷினுக்கு ஒரு வாரப் பிரியாணிச் செலவு கூட ஆகாது. இல்லத்தாரின் அனுமதியோடு, முதியவரின் சம்மதத்தோடு, அவர்கள் கண் முன்னாலேயே எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். போன மாத எடையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருது தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். பேச்சு குழறுகிறது என்று எழுதப்பட்டவரிடம் அவர் மொழியில் ஊரும் பேரும் கேளுங்கள். உடம்பைத் திறந்து பார்க்கும் வேலை உங்களுடையது அல்ல, அது செவிலியர் வேலை. ஆனால் 'படுக்கைப் புண் இல்லை என்று கடைசியாக யார் பார்த்தார், என்றைக்கு?' என்று கேட்க யாரும் கேட்கலாம். இரவு ஆயாவிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். படம் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

அரிசி கொடுக்கும் வியாபாரிகளும் ஜகாத், ஸதகா பிரிக்கும் ஜமாஅத்துகளும் அடுத்த மூட்டைக்கு முன் ஒரு நிபந்தனை வைக்கட்டும். பதிவேட்டில் தேதி, நேரம், எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். விழுந்ததை எழுதியதற்காக எந்த ஆயாவையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த மாதம் எந்த ஆயாவும் எழுத மாட்டார். வெளியூர் மகன்கள் மாதப் பணத்தோடு சேர்த்துப் பெற்றவரின் அந்த மாதப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டும். சேர்க்கும் நாளிலேயே வலிப்பையும் மறதியையும் சொல்லி எழுத வைக்கட்டும். நோட்டைக் காட்ட மறுக்கிற இல்லத்தைப் பற்றி மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முதியோர் உதவிக்கென்றே 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. நான் மேலே சொன்ன பெரியவரின் மகனிடம் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன். எடை மிஷின் அடுத்த வாரமே ரிப்பேரிலிருந்து வந்துவிட்டது. பெரியவர் 46 கிலோ இருந்தார்.